அழுத பிள்ளைக்கு மட்டும்தான் பாலா? காலேஜை விட்டுவிடலாமா என்று கேட்ட பெண்ணுக்கு

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு ஐந்தாறு கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம் என்று குறித்து வைத்திருந்தேன். ஆனால் ஒரு கேள்வி நான்கு நாட்களாக என்னைத் தூங்கவிடவில்லை. அதனால் இன்றைக்கு அது ஒன்றுதான். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேரளாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிற வேலந்தாவளம் பக்கத்தில் இருந்து ஒரு பெண் அனுப்பியிருக்கிறாள். அப்படியே வாசிக்கிறேன். "டீச்சர், போன வீடியோவில் லாரா ரெண்டோன் என்று ஒரு அமெரிக்கப் பேராசிரியரைப் பற்றிச் சொன்னீர்கள். அவர் என்னென்ன படித்து அந்த இடத்துக்கு வந்தார்? நான் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். இப்போது பிகாம் முதல் வருடம். புத்தகம் இங்கிலீஷ், கிளாஸில் பேச்சு மலையாளம். வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது. டிசி வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறேன்."

பாருங்கள், கேள்வி லாராவைப் பற்றித்தான் தொடங்குகிறது. ஆனால் அந்தப் பெண் கேட்க வந்தது கடைசி வரியை. அதை நேராகக் கேட்க முடியாமல் ஒரு பேராசிரியரை முன்னால் நிறுத்திக் கேட்கிறாள். சரி கண்ணு, முதலில் நீ கேட்ட வரிசையிலேயே வருகிறேன்.

லாரா பிறந்த ஊர் லாரெடோ. டெக்சாஸ் மாநிலத்தின் தெற்கு ஓரம். ரியோ கிராண்ட் ஆற்றுக்கு இந்தக் கரை லாரெடோ, அந்தக் கரை நுவேவோ லாரெடோ, மெக்சிகோ. 1848ல் இரண்டு நாடுகளும் போரை முடித்து ஒப்பந்தம் போட்டபோது ஆறே எல்லையாகிவிட்டது. அதற்கு முன்னால் அங்கே இருந்தவர்களில் பலர் எங்கேயும் போகவில்லை, கோடுதான் வந்தது. வீட்டில் ஸ்பானிஷ், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். இதைப் படித்தபோது எனக்குக் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுதான் ஞாபகம் வந்தது. ஒரு பஸ் ஏறினால் கோயம்புத்தூர், இன்னொரு பஸ் ஏறினால் பாலக்காடு. கல்யாணப் பத்திரிகை தமிழில் அடிப்போம், ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும். பாலக்காட்டில் இருக்கிற நம் சித்தூர் தாலுகா, 1956ல் கேரளா உருவாவதற்கு முன்னாலேயே கொச்சி ராஜ்ஜியத்தோடு இருந்ததுதான். ஆனாலும் வீட்டுக்குள் பேசுவது தமிழ்.

அந்த லாரெடோவில் வசதியில்லாத ஒரு குடும்பம். வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் லாரா. சேர்ந்தது பெரிய பல்கலைக்கழகத்தில் இல்லை, லாரெடோ ஜூனியர் காலேஜில். இரண்டு வருடப் படிப்பு, உள்ளூர்ப் பிள்ளைகள் படிக்கிற இடம். அப்புறம் சான் அன்டோனியோ காலேஜ். அப்புறம் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் இளங்கலை, கிங்ஸ்வில்லில் முதுகலை. அங்கிருந்து வடக்கே, பனி கொட்டுகிற மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு. 1982ல் முனைவர் பட்டம். ஆய்வுக்கு எதை எடுத்தார் தெரியுமா? தெற்கு டெக்சாஸின் சமுதாயக் கல்லூரிகளில், அதாவது லாரெடோ ஜூனியர் காலேஜ் மாதிரி இரண்டு வருடக் கல்லூரிகளில் படித்த மெக்சிக வம்சாவளி மாணவர்களை. அவ்வளவு தூரம் போய்த் தன் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றியே எழுதினார். எனக்கு இதில்தான் மனம் நின்றுவிட்டது.

பிறகு அரிசோனா, கலிபோர்னியா, அயோவா என்று பல இடங்களில் பேராசிரியர். அமெரிக்காவில் உயர்கல்வியை ஆராய்கிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு, அதற்குத் தலைவராகவும் இருந்தார். கடைசியில் டெக்சாஸுக்கே திரும்பி சான் அன்டோனியோவில் இருக்கிற டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். லாரெடோவில் இருந்து சுமார் 250 கிலோமீட்டர். சரி, இது அவர் படித்த கதை. உன் முதல் கேள்விக்குப் பதில் முடிந்தது.

ஆனால் கண்ணு, இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு உனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர் என்ன கண்டுபிடித்தார் என்பதுதான் உனக்கு வேண்டியது. என் வீடியோக்களைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு இது தெரியும், பிள்ளையிடம் முதல் சொல்லைப் பெரியவர்கள்தான் பேச வேண்டும், முதல் சொல், முதல் சொல் என்று சொல்லிக்கொண்டே இருப்பேனே, அதுதான். திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் இது திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய விஷயம்.

அமெரிக்காவில் 1975ல் வின்சென்ட் டின்டோ என்பவர் மாணவர்கள் ஏன் கல்லூரியைப் பாதியில் விடுகிறார்கள் என்று ஒரு பெரிய கட்டுரை எழுதினார். கல்லூரியின் படிப்போடும் அங்கிருக்கிற மனிதர்களோடும் ஒட்டிக்கொண்டவன் நிற்கிறான், ஒட்டாதவன் போகிறான் என்பது அதன் சாரம். 1984ல் அலெக்சாண்டர் ஆஸ்டின் என்பவர், மாணவன் எவ்வளவு ஈடுபாடு காட்டுகிறானோ அவ்வளவு பலன் என்றார். இரண்டும் பெரிய வேலைகள், குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டாவதைக் கேட்டால் உனக்கு என்ன தோன்றும்? நான்தான் ஈடுபட வேண்டும், நான்தான் போய்க் கேட்க வேண்டும், நான் கேட்கவில்லை என்றால் தப்பு என்னுடையது. நம் ஊரில் அதற்குப் பழமொழியே இருக்கிறது, அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று.

லாராவும் அவருடன் வேலை செய்தவர்களும் நான்கு விதமான கல்லூரிகளில் முதல் வருட மாணவர்கள் 132 பேரைக் கூப்பிட்டுக் குழுவாக உட்கார வைத்துப் பேசினார்கள். ஈடுபாடு எப்படி உதவுகிறது என்று பார்க்கத்தான் போனார்கள். ஆனால் பிள்ளைகள் சொன்னது வேறு. குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிக்கு வந்தவர்கள், இது நமக்கான இடம் இல்லை என்று நினைத்துக்கொண்டே வந்தவர்கள், தாமாகப் போய் யாரிடமும் ஈடுபடவில்லை. யாரோ ஒருவர் அவர்களிடம் வந்தார். ஒரு ஆசிரியர், ஒரு அக்கா, சில நேரம் அம்மா. வந்து, உன்னால் முடியும், நீ இங்கே இருக்க வேண்டியவள்தான் என்று உணர வைத்தார். அதற்குப் பிறகுதான் ஈடுபாடு வந்தது. 1994ல் லாரா இதை எழுதினார். முதல் அடி எடுத்து வைக்க வேண்டியது நிறுவனம், பிள்ளை இல்லை என்று எழுதினார். அதுவும் முதல் வருடத்திலேயே, முதல் வாரங்களிலேயே.

அழுதால்தான் பால் என்கிற தாயை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நேரம் பார்த்து, அழுவதற்கு முன்பே தூக்குகிறவள்தானே தாய். பிள்ளையிடம் போய் ஏன் அழவில்லை என்று கேட்பாளா?

என் கதையை ஒரு தடவை சொல்லியிருக்கிறேன், புதிதாக வந்தவர்களுக்காக மறுபடி. நான் டிகிரி சேர்ந்த வருடம். எந்தக் காலேஜ் என்பது வேண்டாம். மலையாள வகுப்பில் என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார்கள். பாரதம் என்கிற சொல்லில் முதல் எழுத்தை அடிவயிற்றில் இருந்து மூச்சு விட்டுச் சொல்ல வேண்டும், நான் நம் 'பா'வாகச் சொல்லிவிட்டேன். வகுப்பு சிரித்தது. பரவாயில்லை, பிள்ளைகள். வாத்தியாரும் சேர்ந்து சிரித்தார். மூன்று மாதம் நான் அந்தக் கட்டடத்துக்குள் வாயைத் திறக்கவில்லை. வருகைப் பதிவுக்கு மட்டும் ஒரு சொல்.

என்னை அங்கே நிறுத்தியது லைப்ரரியில் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற ஒரு சேச்சி. ஒருநாள் அவராகவே கூப்பிட்டார். "மோளே, அந்த மூலையில் ஒரு அலமாரி முழுக்கத் தமிழ்ப் புத்தகம், எடுக்க ஆள் இல்லை. நீ எடுத்துக்கொண்டு போ. ஆனால் வாசித்து முடித்ததும் கதையை எனக்குச் சொல்ல வேண்டும்." அவருக்குத் தமிழ் தெரியாது. அப்படியென்றால் கதையை நான் எதில் சொல்வது? மலையாளத்தில்! வாரம் ஒரு புத்தகம், வாரம் ஒரு கதை. தப்பாகச் சொன்னால் நிறுத்தித் திருத்துவார், அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பார். எனக்கு மலையாளம் வந்தது அந்தக் கவுண்டரில்தான்.

இதைக் கவனியுங்கள். சேச்சி எனக்குச் சலுகை எதுவும் தரவில்லை, வேலை கொடுத்தார். லாராவும் பின்னாளில் இதை அழுத்திச் சொல்கிறார், இது பிள்ளையைச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிற விஷயம் இல்லை, அவளிடம் ஏற்கனவே இருக்கிற பலத்தைப் பார்த்து அதன்மேல் கட்டுவது என்று. என்னிடம் தமிழ் இருந்தது. வகுப்பில் அது குறையாகத் தெரிந்தது, சேச்சிக்கு அது ஒரு அலமாரிக் கதையாகத் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் கிடந்து அறுக்கிறது. நான் பத்தாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுத்த ஒரு பையன், அப்பா தென்னை ஏறுகிறவர். கணக்கில் கெட்டிக்காரன். காலேஜ் சேர்ந்தான். அந்த வருடம் தீபாவளி சமயம் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி தூக்கிக்கொண்டு நிற்கிறான். ஏன்டா சாமி என்று கேட்டேன். இ-கிராண்ட்ஸ் என்கிற கேரள அரசு உதவித்தொகை விண்ணப்பத்தில் ஏதோ ஒரு சான்றிதழ் தப்பாகப் போய்விட்டது, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை, பத்து நாள் போகவில்லை. "யாராவது போன் பண்ணியிருந்தா போயிருப்பேன் டீச்சர்" என்றான். பத்து நாள் ஒரு பெஞ்ச் காலி. ஒரு போன் இல்லை. அவன் அழவில்லை, அதனால் பால் இல்லை. நான் அன்றைக்கே அழைத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன், அதற்குள் லாரி வேலைக்குப் போய்விட்டான்.

அதனால், 'என்னால் முடியுமா டீச்சர்' என்று நீ என்னிடம் கேட்பதைவிட, இதைப் பார்க்கிற கல்லூரி ஆசிரியர்கள் தங்களிடமே ஒன்று கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். என் வகுப்பில் இதுவரைக்கும் பேசாத பிள்ளை யார்? அவள் பெயர் எனக்குத் தெரியுமா? தமிழ் மீடியத்தில் இருந்து வந்தவர்கள் எத்தனை பேர்? 2024ல் கேரளாவில் நான்கு வருட டிகிரி வந்த பிறகு மேஜர், மைனர் என்று பேப்பர் தேர்ந்தெடுப்பதே தனிக் குழப்பம். வீட்டில் விளக்கிச் சொல்ல ஆள் இருக்கிற பிள்ளை தப்பித்துவிடும், மற்றதுகள்? மூன்று நாள் வராதவளுக்கு ஒரு போன். ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

கண்ணு, இப்போது உனக்கு. டிசி வாங்காதே. யாரும் வந்து கூப்பிடும்வரை காத்திரு என்றும் நான் சொல்ல மாட்டேன், அது அவர்கள் கடமை, உன் வருடம் அதற்காக வீணாகக் கூடாது. உன் வகுப்புக்கு ஒரு டியூட்டர் இருப்பார். வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் பிடித்து, எனக்கு அக்கவுண்டன்சி புரிகிறது, மொழிதான் புரியவில்லை என்று இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல். தமிழும் மலையாளமும் கலந்தே சொல், அவருக்குப் புரியும். ஸ்காலர் சப்போர்ட் புரோகிராம் என்று பல அரசு, எய்டட் கல்லூரிகளில் கூடுதல் வகுப்பு நடக்கிறது, உங்கள் காலேஜில் உண்டா என்று கேள். கூட வர ஆள் வேண்டுமென்றால் எழுது, நான் வருகிறேன். சித்தூர் பக்கம் பஸ்ஸில் அரை நாள் வேலை, எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

அப்புறம், அதே காலேஜில் இரண்டாம் வருடம், மூன்றாம் வருடம் படிக்கிற நம் பிள்ளைகள் இதைப் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். முதல் வருட பிகாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பெண் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். பெயர் நான் சொல்லப்போவதில்லை. நாளைக்கு இன்டர்வெல்லில் போய், எந்த ஊர் அம்மணி என்று தமிழில் கேளுங்கள்.

மறையூரில் இருந்து வந்த ஹாஸ்டல் கேள்வியை அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்.