விநியோகம் யார் கையில்?

(சிறு பாட்காஸ்ட் குழுக்கள் ஒன்றிணைவது குறித்துப் புதுச்சேரியில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1908-இல் சென்னையில் அடக்குமுறை முற்றியபோது பாரதியார் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். ‘இந்தியா’ வார இதழும் இங்கே வந்தது. பிரெஞ்சு எல்லைக்குள் அச்சகம் பத்திரமாக இருந்தது. எழுதுகிற கையை யாரும் பிடிக்கவில்லை. ஆனால் வாசகர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் இருந்தார்கள். அங்கே இதழ் நுழையத் தடை வந்தது. 1910-இல் ‘இந்தியா’ நின்றுபோனது. அச்சகத்தில் யாரும் கை வைக்கவில்லை. வாசகரிடம் போகும் வழியை அடைத்தார்கள், அதுவே போதுமானதாக இருந்தது.

சுயாதீன பாட்காஸ்ட் (இணைய வழி ஒலி நிகழ்ச்சி) குழுக்களின் வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது நம் நண்பர்கள் மைக், ஒலிப்பதிவு அறை, விளம்பரதாரர் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் முதலில் கேட்பது விநியோகத்தைப் பற்றித்தான்.

பாட்காஸ்ட்டின் உயிர் ஆர்.எஸ்.எஸ். ஓடையில் (RSS feed) இருக்கிறது. தலைப்பு, குறிப்பு, ஒலிக்கோப்பு இருக்கும் முகவரி இவற்றைத் தாங்கிய எளிய கோப்பு அது. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் மென்பொருளாளர் டேவ் வைனர் அந்த ஓடையில் ஒலிக்கோப்பின் முகவரியையும் சேர்த்து அனுப்ப வழிசெய்தார். இன்றுவரை எந்தச் செயலியும் அதைப் படிக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 2005-இல் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸில் பாட்காஸ்ட்டைச் சேர்த்தபோதுகூட, அது வைத்துக்கொண்டது பட்டியலை மட்டும்தான். கோப்புகள் தயாரித்தவர்களிடமே இருந்தன. 2024-இல் கூகுள் பாட்காஸ்ட்ஸ் மூடப்பட்டபோதும், சொந்த ஓடை வைத்திருந்தவர்கள் வேறு செயலிகள் வழியாகத் தங்கள் நேயர்களைச் சென்றடைய முடிந்தது. ஒரே தளத்துக்குள் மட்டும் நிகழ்ச்சியைப் பூட்டி வைத்தவருக்கு அந்த வழி கிடையாது. கோப்புகளை வைத்திருக்கும் சர்வர் நிறுவனத்தை மாற்ற நேர்ந்தாலும், பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிட்டால் நேயர்கள் தாமாகவே பின்தொடர்ந்து வந்துவிடுவார்கள். இந்த ஒரு வசதிக்காகவே ஓடையை நான் உயர்வாக மதிக்கிறேன்.

அமெரிக்காவில் 2014-இல் இரண்டு முயற்சிகள் தொடங்கின. ஒன்று கிம்லெட் என்ற பாட்காஸ்ட் நிறுவனம்: முதலீட்டாளர் பணத்தில் வேகமாக வளர்ந்தது, 2019-இல் இணைய இசைத் தளமான ஸ்பாட்டிஃபை அதை வாங்கிக்கொண்டது, சில ஆண்டுகளில் ஆட்குறைப்பும் இணைப்புமாகத் தனி அடையாளம் கரைந்தது. மற்றொன்று ரேடியோடோபியா என்ற பாட்காஸ்ட் வலையமைப்பு: நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ரோமன் மார்ஸும் பி.ஆர்.எக்ஸ். என்ற பொது ஊடக அமைப்பும் சேர்ந்து ஏழு நிகழ்ச்சிகளுடன் தொடங்கினார்கள். அதே ஆண்டின் இறுதியில் நேயர்களிடம் கையேந்தினார்கள். 21,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்து 6 லட்சத்து 20 ஆயிரம் டாலர் கொடுத்தார்கள். 2021-இல் மார்ஸ் தமது நிகழ்ச்சியை ஒரு பெரிய நிறுவனத்துக்கு விற்றுவிட்டு வெளியேறினார். வலையமைப்பு தொடர்ந்து நடந்தது. தொடங்கியவர் போன பிறகும் நிற்கிறதா என்பதே எனக்குச் சரியான சோதனையாகத் தோன்றுகிறது. மேக்சிமம் ஃபன் என்ற இன்னொரு பாட்காஸ்ட் வலையமைப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் உரிமையாளர் ஜெஸ்ஸி தார்ன் 2023-இல் அதைத் தொழிலாளர் கூட்டுறவாகவே மாற்றிவிட்டார். அங்கே சந்தா செலுத்தும் நேயர், தான் கேட்கும் நிகழ்ச்சிகளைக் குறிப்பிடுகிறார். பணம் அதன்படி பிரிகிறது.

நம் பக்கத்துக்கு வருகிறேன். தேவனாம்பட்டினம் கடற்கரையில் மீன் விற்கும் அக்கா ஒருவரிடம் காற்றைப் பற்றிப் பதிவு செய்தோம். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று அவர் பேசப் பேச, அவர் சொன்ன காற்றே மைக்கில் மோதி இரைந்தது. டர்க்கி டவலை மைக்கில் சுற்றி, அவர் முதுகைக் கடல் பக்கம் திருப்பி உட்காரவைத்த பிறகுதான் குரல் தெளிந்தது. நடுவே ஒருவர் வந்து சங்கரா மீனுக்கு விலை கேட்டார். அக்கா பேரத்தை முடித்துவிட்டு, விட்ட வாக்கியத்தை விட்ட இடத்திலிருந்து எடுத்தார். அந்தப் பேரத்தை வெட்டாமல் அப்படியே வைத்தோம்.

பதிவு நன்றாகவே வந்தது, ஆனால் கேட்க ஆளில்லை. புதுச்சேரித் தெருக்களின் வரலாற்றைப் பேசும் நண்பர் தம் நிகழ்ச்சியின் இறுதியில் அதிலிருந்து மூன்று நிமிடத்தை ஒலிபரப்பி, ‘மிச்சத்தை அங்கே போய்க் கேளுங்கள்’ என்றார். பிறகு நமக்குக் கடிதம் எழுதியவர்களில் பலர் அவர் சொல்லி வந்தவர்கள்தான். ஏற்கெனவே காதால் கேட்டுப் பழகியவரைத்தான் இன்னொரு நிகழ்ச்சிக்கு எளிதாக அழைத்துவர முடிகிறது. சுவரொட்டி அச்சிட்டோம், துண்டறிக்கை கொடுத்தோம். இந்த மூன்று நிமிடத்துக்கு அவை ஈடாகவில்லை.

செலவைக் கண்டு தயங்குபவர்களுக்கு ஒரு கணக்கு. பேச்சுக்கு ஸ்டீரியோ தேவையில்லை. மோனோவில் (ஒற்றைத் தடத்தில்), நொடிக்கு 64 கிலோபிட் (கே.பி.பி.எஸ்.) தரத்தில், ஒரு மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 29 எம்.பி.தான். நேயர்களின் டேட்டாவும் மிச்சம். ஒலி எடிட்டிங் தெரிந்த ஒருவர் நான்கு நிகழ்ச்சிகளுக்கு உதவலாம், ஒரே சர்வர் கணக்கைப் பகிர்ந்துகொள்ளலாம், ஒருவர் காய்ச்சலில் படுத்தால் இன்னொருவர் அந்த வாரத்தை நிரப்பலாம். வலையமைப்பு என்று நான் சொல்வது இந்தக் கைமாற்றைத்தான்.

இந்தக் கைமாற்று நம் மண்ணுக்கு மிகவும் தேவை. தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப இந்தியாவில் அனுமதி இல்லை. புதுச்சேரி வானொலி 1967 முதல் ஒலிக்கிறது. அதைக் கேட்டு வளர்ந்தவன் நான், அதன் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் பண்ருட்டி முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் கைகள் ஏன் கறுத்துப் புண்ணாகின்றன, கடலூர் முதுநகர்க் குடியிருப்புகளில் நிலத்தடி நீர் எப்படி இருக்கிறது என்று வாரம் தவறாமல் பேச ஒரே நிலையத்தால் ஆகாது. அந்தந்த ஊர்க்காரரே தம் பேச்சுத் தமிழில், உரிமம் எதுவும் வாங்காமல் பேச பாட்காஸ்ட் இடம் தருகிறது. அந்த இடத்தை நாம் இன்னும் நிரப்பவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

ஆகவே இன்று முடிவு செய்ய வேண்டியது இரண்டு. பதிவுகளின் உரிமை அந்தந்த நிகழ்ச்சிக்காரரிடமே இருக்க வேண்டும். விலக விரும்புபவர் தம் ஓடையையும் எடுத்துச் செல்லலாம். பொதுவான டொமைன் பெயரும் (இணைய முகவரி) கடவுச்சொற்களும் எந்தத் தனி நபரின் பெயரிலும் இருக்கக் கூடாது, என் பெயரிலும்தான். சங்கமாகப் பதிவு செய்து அதன் பெயருக்கு மாற்றிவிடுவோம். வரைவு ஒப்பந்தத்தின் நகல்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. ஒத்துவராத வரிகளை அடித்து, ஓரத்தில் உங்கள் திருத்தத்தை எழுதிக் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் ஒவ்வொன்றாக வாசித்து விவாதிப்போம்.