ஆம்ப் அணைந்தால் எர்த்தைப் பாருங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட் பக்கம் கார் வயரிங் வேலை பார்க்கிறவன் நான். சுற்றிலும் ரப்பர் தோட்டம், செம்பனைத் தோட்டம். பழைய சாகா காரோ விரா காரோ கைக்கு வந்ததும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முதலில் செய்வது, பின்பக்க பூட்டில், அதாவது சாமான் வைக்கும் இடத்தில், பேஸ் என்கிற தாழ்ந்த ஒலியை அடிக்கும் வூஃபர் ஸ்பீக்கர் ஒன்றும், அதற்குச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப் ஒன்றும் வைப்பதுதான். அதில் எனக்குச் சந்தோஷம்தான். பாட்டில்லாமல் நமக்கு என்ன பயணம்? ஆனால் அந்த ஆம்ப் பாதிப் பாட்டில் அணைந்துபோகும், கொஞ்ச நேரத்தில் தானே வரும், மறுபடி அணையும். உடனே "ஆம்ப் போச்சு" என்று முடிவுகட்டிப் புதிது வாங்கிவிடுகிறார்கள். மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு அதிலேயே கரைந்துவிடுகிறது. இதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அணையும் ஆம்ப் பெரும்பாலும் நல்ல ஆம்ப். அதன் மேல் சின்ன விளக்கு ஒன்று இருக்கும், பக்கத்தில் புரொடெக்ட் என்று எழுதியிருக்கும். மின்னழுத்தம் குறைந்தாலோ, சூடு ஏறினாலோ, ஸ்பீக்கர் வயர் எங்காவது தகரத்தில் உரசினாலோ, அது தன்னைக் காத்துக்கொள்ள வேலையை நிறுத்திவிடுகிறது. இத்தனையும் வெளியே நடக்கிற தப்பு. வெளியே உள்ள தப்பை விட்டுவிட்டு ஆம்பை மாற்றினால், புது ஆம்பும் அதே இடத்தில்தான் அணையும்.

அதனால் யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, எப்போது அணைகிறது என்பதைத்தான். சாவி போட்டதுமே அந்த விளக்கு எரிந்தால், ஸ்பீக்கர் வயரையும் ரேடியோவிலிருந்து வரும் சிக்னல் வயரையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். அப்போதும் எரிந்தால்தான் ஆம்புக்குள்ளே கோளாறு. அரை மணி நேரம் ஓடிய பிறகு அணைந்து, ஆறியதும் திரும்பி வந்தால் சூடு. எந்த விளக்கும் எரியாமல் மொத்தமாகச் செத்தால் பவர் வயர், எர்த் (கரண்ட் ஆம்பிலிருந்து காரின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வயர்), இல்லையென்றால் ஆம்பை ஆன் செய்யச் சொல்லி ரேடியோவிலிருந்து வரும் மெல்லிய நீல ரிமோட் வயர். பேஸ் ஓங்கி அடிக்கும்போது மட்டும் அணைந்தால்? அங்கேதான் நம் கதை.

சில வருடத்துக்கு முன்னால், தைப்பூசம் நெருங்குகிற சமயம். பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் விராவோடு வந்தார். கூடவே அவருடைய அப்பா, பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். "அண்ணே, பகல்ல ஒரு பிரச்சினையும் இல்ல. ராத்திரி தோட்டத்து ரோட்ல வந்தாத்தான் செத்துப் போகுது" என்றார் தம்பி. வேறு இரண்டு கடைக்குப் போயிருக்கிறார். ஒரு கடையில் ஆம்பை மாற்றினார்கள், இன்னொரு கடையில் பேட்டரியை மாற்றினார்கள். பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு மேல காசு கேட்டா நான் எங்கப்பா போவேன்" என்றார்.

ராத்திரி என்று அந்தத் தம்பி சொன்னாரே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது, அதோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் அதை 14 வோல்ட் பக்கம் தூக்கிப் பிடிக்கும். ராத்திரியில் ஹெட்லைட், ஏர்கண்ட், மழையென்றால் வைப்பர் எல்லாம் சேர்ந்து இழுக்கும். மெதுவாக ஓட்டினால் ஆல்டர்னேட்டரும் மெதுவாகத்தான் சுற்றும். 13 வோல்ட் மிஞ்சினாலே பெரிது. அந்த நேரம் பார்த்து பேஸ் அடிக்கிறது. பல ஆம்ப்கள் 10, 11 வோல்ட்டுக்கு இறங்கியதும் அணைந்துவிடும். அப்படியானால் 13-க்கும் 11-க்கும் நடுவே அந்த இரண்டு வோல்ட் எங்கே போகிறது?

பூட்டின் கார்பெட்டைத் தூக்கினேன். மழைத்தண்ணீர் இறங்கி அடியெல்லாம் ஈரம். எர்த் வயரை ஒரு சின்ன திருகாணியில், பெயிண்டுக்கு மேலேயே இறுக்கியிருந்தார்கள். வயர் முனையின் பிளாஸ்டிக் உறை இளகிப் பழுப்பாகியிருந்தது. வளையத்துக்கு அடியில் துரு. பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டுப் பெரியவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டவர் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார். அவ்வளவு சூடு.

கணக்கு எளிது. 500 வாட் பழைய வகை ஆம்ப் முழு வேகத்தில் 70 ஆம்பியர் வரை இழுக்கும். அந்தத் துருப்பிடித்த இடத்தில் தடை வெறும் 0.02 ஓம் இருந்தாலே 1.4 வோல்ட் அங்கேயே போய்விடும். அடி விழும் அந்த நொடியில் கிட்டத்தட்ட 100 வாட் பல்பு ஒன்று அந்தத் திருகாணியில் எரிகிற மாதிரி. மிச்சத்தைப் பவர் வயர் தின்றுவிடுகிறது, அதுவும் செம்பு முலாம் பூசிய அலுமினிய வயராக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

"மீட்டர் வச்சுப் பாத்தாங்கண்ணே, எர்த் நல்லா இருக்குன்னு சொன்னாங்க" என்றார் தம்பி. பார்த்திருப்பார்கள்தான். ஆனால் சாதாரண மீட்டரை ஓமில் வைத்தால் 0.02 தெரியாது. மீட்டரின் இரண்டு வயருக்கே 0.2 ஓம் பக்கம் தடை இருக்கும். அதனால் ஓமை விட்டுவிட்டு வோல்ட்டில் வையுங்கள். நீளமான ஒரு வயரால் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தோடு சேர்த்துவிட்டு, மறுமுனையை ஆம்பின் எர்த் டெர்மினலில் வையுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, பேஸ் நிறைந்த பாட்டைப் போடுங்கள். 0.1, 0.2 வோல்ட் காட்டினால் பரவாயில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தில்தான் கோளாறு. பாட்டு ஓடும்போது அளக்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், ஓடும்போது. சும்மா நிற்கும்போது எல்லா எர்த்தும் நல்ல எர்த்தாகத்தான் தெரியும்.

அந்த விராவுக்குச் செய்த வேலை இவ்வளவுதான்: பூட்டில் கெட்டியான தகரமாகப் பார்த்து, வெள்ளைத் தகரம் தெரியும்வரை மணல்தாள் போட்டுத் தேய்த்தோம். துளை போட்டு, பல் வாஷர் வைத்து, போல்ட்டும் நட்டுமாக இறுக்கினோம். இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினோம், நம் ஊர் ஈரத்துக்கு அது கட்டாயம். எர்த் வயர் அரை மீட்டருக்குள், பவர் வயரின் அதே தடிமனில். போனட்டுக்கு உள்ளே பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்குப் போகும் வயரையும் தடிமனாக மாற்றினோம். அந்த வயரைப் பல பேர் மறந்துவிடுகிறார்கள். பூட்டில் எர்த் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கரண்ட் திரும்பிப் போகும் வழி முன்னால் குறுகியிருந்தால் பயனில்லை. இன்னொன்று, சீட் பெல்ட் போல்ட்டில் தயவுசெய்து எர்த் கட்டாதீர்கள். அது உயிரைப் பிடித்து நிறுத்துகிற போல்ட், அதில் கை வைக்கவே கூடாது.

வயருக்கும் போல்ட்டுக்கும் ஆன செலவு, அவர்கள் அதுவரை கொட்டிய பணத்துக்குப் பக்கத்தில் வராது. கழற்றிப் போட்ட பழைய ஆம்பையும் கொண்டுவரச் சொல்லி மாட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை, அருமையாகப் பாடியது. பெரியவர் அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

ஓம் கணக்கையும் கெயின் திருப்புவதையும் விரிவாகப் பேச நினைத்தேன், ஆனால் கடிகாரம் விடவில்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 4 ஓம் வூஃபர் இரண்டை பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்து இணைத்தால் ஆம்புக்கு 2 ஓம்தான் தெரியும். ஆம்பின் இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே வூஃபருக்குக் கொடுக்கும் பிரிட்ஜ் முறையில் 4 ஓமுக்குக் கீழே தாங்காத ஆம்ப் நிறைய உண்டு, ஆம்போடு வரும் புத்தகத்தைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். கெயின் என்பது சத்தம் கூட்டும் பட்டன் கிடையாது, ரேடியோ சிக்னலுக்கு ஆம்பை ஒத்துப்போக வைக்கும் திருகு, முழுக்கத் திருப்பி வைக்காதீர்கள். ஆம்பைக் கார்பெட்டுக்கு அடியில் புதைக்காதீர்கள், அதற்குக் காற்று வேண்டும்.

கடைசியாக ஃபியூஸ். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும், வயர் தாங்கும் அளவுக்குள். எரிந்தால் பெரிய ஃபியூஸ் போடுவது, கம்பி சுற்றுவது, இரண்டும் காரையே கொளுத்திவிடும். இன்று வீட்டுக்குப் போனதும் போனட்டைத் திறந்து, உங்கள் காரில் அந்த ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். நன்றி, வணக்கம்.