நவம்பர் வரை காத்திருந்த பாதாம் உருண்டை

நேயர்களுக்கு வணக்கம். பார்சிலோனாவில் நான் குடியிருந்த வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு பாட்டி இருந்தார். நவம்பரில் அவர் கொடுத்த பனெல்யெட்ஸ் என்ற பாதாம் உருண்டையின் ருசி எனக்கு மறக்கவே இல்லை. மார்ச் மாதம் ஒருநாள், "இன்னொரு தடவை செய்து தருவீர்களா?" என்று கேட்டேவிட்டேன். "இப்போது தவக்காலம் அல்லவா?" என்றவர், ஈஸ்டருக்கு முந்தைய அந்த நோன்புக் காலத்துக்கே உரிய, சோம்பு மணக்கும் புன்யோல்ஸைத் தட்டில் வைத்து நீட்டினார். பொங்கவைத்த மாவை எண்ணெயில் பொரித்துச் சர்க்கரையில் புரட்டி எடுத்த பலகாரம் அது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பனெல்யெட்ஸுக்கு நவம்பர் வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று.

நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருநாள். மறுநாள் கல்லறைத் திருநாள். பார்சிலோனா இருக்கும் கட்டலோனியாப் பகுதியில் குடும்பத்தோடு கல்லறைக்குப் பூ எடுத்துப் போகும் நாட்கள் இவை. அதற்கு முந்தைய இரவு, அக்டோபர் 31, கஸ்தன்யாதா என்ற கொண்டாட்டம். கஸ்தன்யா என்றால் செஸ்நட் கொட்டை. தெருமுனையில் கரியடுப்பு வைத்து, ஓட்டில் கத்தியால் கீறல் போட்டு வறுப்பார்கள். கீறாமல் போட்டால் வெடித்துவிடும். சூடாகக் காகிதப் பொட்டலத்தில் வாங்கினால், குளிருக்குக் கைக்கும் இதமாக இருக்கும். பக்கத்திலேயே சர்க்கரைவள்ளிக்கிழங்கும் சுட்டுத் தருவார்கள். இறந்தவர்களுக்காக இரவு முழுக்க மணியடித்தவர்கள் தெம்புக்காகச் சாப்பிட்டது இந்தக் கொட்டை என்று அங்கே ஒரு பேச்சு உண்டு.

சரி, பனெல்யெட்ஸுக்கு வருவோம். அடுத்த அக்டோபர் கடைசியில் பாட்டி என்னையும் அடுப்படிக்கு அழைத்தார். தோல் நீக்கிய பாதாமைப் பொடித்து, சர்க்கரை, வேகவைத்து மசித்த ஒரு சின்ன உருளைக்கிழங்கு, துருவிய எலுமிச்சைத் தோல் எல்லாம் சேர்த்துப் பிசைந்தோம். மைதா இல்லை, வெண்ணெய் இல்லை. ஒரு ராத்திரி குளிரில் வைத்துவிட்டு, மறுநாள் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து, முட்டை வெள்ளையில் தோய்த்து, பைன் கொட்டையில் உருட்ட வேண்டும். சிரமமே அங்கேதான். கொட்டை லேசில் ஒட்டாது. உருண்டையை உள்ளங்கையில் பொத்தி, அழுத்தி அழுத்திப் பதிக்க வேண்டும். பைன் கொட்டை விலையும் அதிகம், அதனால் தட்டில் சிந்தியதைப் பாட்டி ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். மேலே மஞ்சள் கரு பூசி, நல்ல சூடான ஓவனில் பத்து நிமிடம். வெளியே பொன்னிறம் வர வேண்டும், உள்ளே ஈரம் காயக் கூடாது. கூடவே மொஸ்கதெல் என்ற இனிப்பு ஒயின் ஒரு சிறு கோப்பை.

மற்ற திருநாட்களுக்கும் இப்படித்தான், அந்தந்த நாளுக்கு அந்தந்தப் பலகாரம். குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று அரசர்களின் திருநாளான ஜனவரி 6-க்கு மூவரசர் ரொட்டி வளையம். அதற்குள் ஒரு சின்ன அரசர் பொம்மையும் ஒரு காய்ந்த மொச்சையும் ஒளிந்திருக்கும். பொம்மை கிடைத்தவருக்குக் காகிதக் கிரீடம், மொச்சை கிடைத்தவர் வளையத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். மார்ச் 19 புனித சூசையப்பர் திருநாளுக்குக் கிரெமா கட்டலானா என்ற பால் இனிப்பு. பால், மஞ்சள் கரு, பட்டை, எலுமிச்சைத் தோல் சேர்த்து அடுப்பில் கிண்டி, ஆறியபின் மேலே சர்க்கரை தூவி, காய்ச்சிய இரும்பால் சுட்டுக் கருக்குவார்கள். ஜூன் 23 இரவு தெருவில் தீ மூட்டி, கோகா என்ற தட்டை ரொட்டியைப் பகிர்ந்து சாப்பிடுவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது மோனா. ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை, ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்ற ஞானத்தந்தை தன் ஞானப்பிள்ளைக்குக் கொடுக்கும் கேக் அது. இப்போது கடைகளில் கோட்டை, கால்பந்து வீரர் என்று சாக்லேட்டிலேயே செய்து அடுக்குகிறார்கள். முன்பெல்லாம் ரொட்டி மேல் அவித்த முட்டைகள் வைப்பது வழக்கம், பிள்ளையின் வயதுக்கு ஒன்றாக, 12 வயது வரை. மேல்மாடிப் பாட்டி தன் கடைசி மோனாவில் 12 முட்டைகளையும் எண்ணிப் பார்த்தாராம். அதன் மேல் உட்கார்ந்திருந்த மஞ்சள் கோழிக்குஞ்சுப் பொம்மை, இறகு உதிர்ந்து, அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இன்னும் இருக்கிறது.