ஷாக் வாங்கினதும் அவள், கெட்ட பேர் வாங்கினதும் அவள்!

ஒரு கல்லூரி மாணவி டிவி திரையில் கரண்ட் ஷாக் வாங்கித் துடிக்கிறாள். திருடினாளா? இல்லை. யாரையாவது அடித்தாளா? அதுவும் இல்லை. ஜோடி ஜோடியாகக் கொடுத்ததை மனப்பாடம் செய்து சொல்லச் சொன்னதில் சிலதைத் தப்பாகச் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான். இதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற மாணவிகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, "இவள் எப்படிப்பட்டவள்?" என்று கேட்டார்கள். "ஐயோ பாவம்" என்றுதானே எழுதியிருப்பார்கள்? வீடியோவை நிறுத்திவிட்டு உங்கள் கணிப்பை கமென்ட்டில் போடுங்கள், நான் காத்திருக்கிறேன்.

போட்டாச்சா? சரி, வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன்: அமெரிக்கா, 1966, மெல்வின் லெர்னர், கரோலின் சிம்மன்ஸ் என்ற உளவியலாளர்கள், 72 மாணவிகள். ஷாக் வெறும் நடிப்பு, முன்னாடியே எடுத்து வைத்த டேப் (பார்த்த மாணவிகளுக்கு அது தெரியாது), யாரும் போலீஸுக்கு போன் போட வேண்டாம்.

ஒரு குழுவுக்கு ஓட்டுப் போடும் வாய்ப்பு கொடுத்தார்கள். அடுத்த சுற்றில் ஷாக்கை விட்டுவிட்டு, சரியான பதிலுக்குக் காசு கொடுக்கலாமா? கிட்டத்தட்ட எல்லாரும் கொடுக்கச் சொன்னார்கள், அப்படியே நடக்கப்போகிறது என்று தெரிந்தவர்கள் அவளைப் பற்றி நல்லபடியாகத்தான் எழுதினார்கள். இன்னொரு குழுவிடம், இன்னும் ஒரு சுற்று ஷாக் இருக்கிறது, உட்கார்ந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். அங்கேதான் பேனா திரும்பியது. பழகப் பிடிக்காதவள், மதிக்கும்படி ஒன்றும் இல்லாதவள் என்கிற பக்கமாக மதிப்பீடு சரிந்தது. அதே டேப், அதே முகம், அதே அலறல்.

இப்போது என் தூக்கத்தைக் கெடுத்த பகுதி. இன்னொரு குழு பார்க்க, அந்தப் பெண் முதலில் மறுக்கிறாள். பயமாக இருக்கிறது, நான் வரவில்லை என்கிறாள். நீ உட்காராவிட்டால் இதைப் பார்க்க வந்த பிள்ளைகளுக்கு மார்க் கிடைக்காதே என்று சொல்கிறார்கள். அரைமனதாகத் தலையாட்டுகிறாள். ஆக, அவள் ஷாக் வாங்குவதே இவர்கள் மார்க்குக்காக! கோயில் கட்டிக் கும்பிட்டிருக்க வேண்டாமா? எல்லாக் குழுக்களையும்விட மோசமாக மட்டம் தட்டியது இவர்கள்தான். இதைப் படித்தபோது நான் திரும்பவும் முதலிலிருந்து படித்தேன், ஏதோ அச்சுப்பிழை என்று நினைத்து.

லெர்னர் சொன்ன காரணம் இது. நல்லவருக்குக் கெட்டது நடக்காது என்று நம்பினால்தான் நமக்குத் தூக்கம் வரும். தப்பே செய்யாத ஒருத்தி கண்ணெதிரே அடிபடுகிறாள், தடுக்கவும் வழியில்லை என்றால், ஒன்று அந்த நம்பிக்கை போக வேண்டும், இல்லை அவள் பேர் போக வேண்டும். அவள் பேர் போனால் நமக்கென்ன செலவு?

1971-இல் வியட்நாம் போருக்கு ஆள் எடுக்க, பிறந்த தேதியை வைத்துக் குலுக்கல் போட்டார்கள். ரேடியோவில் முடிவைக் கேட்ட 19 வயதுப் பையன்களை ரூபின், பெப்லாவ் என்ற இருவர் ஆராய்ந்தார்கள். உலகம் நியாயமானது என்று அழுத்தமாக நம்பியவர்களிடம், மாட்டிக்கொண்டவர்கள் மேல் எரிச்சல் அதிகம் தெரிந்தது. பிறந்த தேதிக்கு அவன் என்னய்யா பண்ணுவான்?

சிரிக்காதீர்கள், நம்ம ஊர் துக்க வீட்டுக்கு வாருங்கள். நாற்பது வயதில் ஒருவர் மாரடைப்பில் போய்விட்டார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் மெல்ல ஆரம்பிப்பார். "சுகர் இருந்துச்சா?" இல்லை. "சிகரெட்?" இல்லை. "ராத்திரி ரொம்ப நேரம் முழிச்சிருப்பாரோ?" யாரோ ஆமாம் என்றதும், "அதானே பார்த்தேன்" என்று நாற்காலியில் சாய்ந்துகொள்வார். கெட்ட மனுஷன் இல்லை. அவருக்கும் நாற்பது வயது.