அம்மப்பாவின் தட்டுகளுக்கு எந்த ஊசி?

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு விறாந்தையில்தான் இருக்கிறேன். சோளகம் வீசுகிறது, ஒட்டுசுட்டான் புழுதி முழுக்க வீட்டுக்குள்தான் வருகிறது. அதனால் இசைத்தட்டு பிளேயரை மூடியே வைத்திருக்கிறேன்.

போன காணொளிக்குப் பிறகு நிறையப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "எந்த ஊசி நல்லது?" நான் திருப்பிக் கேட்பேன்: உங்களிடம் இருக்கிற தட்டு எப்படிப்பட்டது? அதைப் பார்க்காமல் ஊசி வாங்காதீர்கள்.

இது அம்மப்பாவின் றங்குப்பெட்டி. இடம்பெயர்ந்தபோது எங்களுடன் வந்தது இவ்வளவுதான். மேலே இருப்பவை எல்பி என்கிற நீண்ட நேரம் ஓடும் தட்டுகளும், நிமிடத்துக்கு 45 தடவை சுற்றுகிற 45 தட்டுகளும். அடியில் இருக்கிற கனமானவை நிமிடத்துக்கு 78 தடவை சுற்றுகிற 78. தட்டிப் பாருங்கள், சட்டி மாதிரிச் சத்தம் கேட்கும். அது அரக்குத் தட்டு. எல்பி அமெரிக்காவில் 1948 இலேயே வந்துவிட்டது, ஆனால் இந்தியாவில் 1960களிலும் 78 அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் எங்கள் ஆட்களின் பெட்டிகளில் இரண்டும் கலந்தே கிடக்கும்.

தொடக்கத்தில் எனக்கு இது தெரியாது. எல்பி ஊசியால் ஒரு 78 ஐப் போட்டேன். மழை பெய்கிற மாதிரி ஒரே இரைச்சல், பாட்டு எங்கோ தூரத்தில் கேட்டது. காரணம் தட்டில் ஊசி ஓடுகிற பள்ளத்தின் அளவு. 78 இன் பள்ளம் எல்பியினுடையதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். எல்பி ஊசி அதன் சுவர்களில் உட்காராமல் அடியில் போய்க் குப்பையைக் கிளறுகிறது. 78 இற்கு முனையின் ஆரை 75 மைக்ரோன் (மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன்) அளவில் வேண்டும். எல்பிக்கான கூம்பு ஊசியில் அது 15 தான். அம்மப்பாவின் பழைய பிளேயரில் ஊசியைத் திருப்புகிற சின்னப் பிடி ஒன்று இருந்தது, ஒரு பக்கம் 78, மறுபக்கம் எல்பி. அதை ஏன் வைத்தார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

சரி, எல்பிக்கு வருவோம். கூம்பு ஊசியின் முனை உருண்டை. தட்டை வெட்டிய கருவியோ உளி மாதிரிக் கூர்மையானது. வெளி விளிம்பில் பள்ளம் ஊசியைக் கடந்து செக்கனுக்கு அரை மீற்றர் ஓடுகிறது, அங்கே பிரச்சினை இல்லை. நடுவுக்கு வர வர வேகம் குறைந்து, கடைசிப் பாட்டில் 20 சென்ரிமீற்றர் அளவில்தான் இருக்கும். அதே ஒலியை அரைவாசிக்கும் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். உருண்டை முனையால் அந்த நெளிவுகளுக்குள் நுழைய முடியாது. பாடகி "ஸ்" சொல்கிற இடமெல்லாம் கரகரக்கும். வயலின் மேலே போகும்போது கிழியும்.

எலிப்டிக்கல், அதாவது நீள்வட்ட முனை ஊசி பக்கவாட்டில் ஒடுங்கியது, சுவரைத் தொடுகிற விளிம்பு 8 மைக்ரோன் அளவில் இருக்கும். அதே கடைசிப் பாட்டு தெளிகிறது. எனக்கு இதுதான் பிடித்தது. என்னிடம் இருப்பது ஓடியோ டெக்னிக்காவின் விஎம்95 வரிசை காட்ரிட்ஜ், ஊசி பூட்டுகிற சின்னப் பெட்டி. உடல் ஒன்றுதான், ஊசியை மட்டும் இப்படி இழுத்து மாற்றலாம், 78 ஊசி உட்பட. கிட்டக் காட்டுகிறேன், பாருங்கள். முனையில் மினுங்குகிற அந்தப் புள்ளிதான் வைரம்.

இதைவிட நுணுக்கமான முனை வடிவங்கள் மைக்ரோலைனும் ஷிபாட்டாவும். ஷிபாட்டா 1970களில் ஜப்பானில், நான்கு ஸ்பீக்கர்களில் கேட்பதற்கான தட்டுகளின் மிக உயர்ந்த அதிர்வெண்களை எடுப்பதற்காக நோரியோ ஷிபாட்டா உருவாக்கியது. சுவரில் நீளமாகத் தொடுவதால் பாரம் பரவுகிறது, தேய்வு குறைகிறது. ஓடியோ டெக்னிக்கா நிறுவனமே தன் எலிப்டிக்கலுக்கு 300 மணித்தியாலமும் மைக்ரோலைனுக்கு 1000 மணித்தியாலமும் சொல்கிறது. 40 நிமிட எல்பி என்றால் 450 தடவைக்கு எதிராக 1500 தடவை. விலையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பாருங்கள்.

ஆனால் இவை கோணம் துளி பிசகினாலும் பொறுக்காது. ஊசியைத் தாங்குகிற கைத்தண்டை வடிவாகச் சமப்படுத்தத் தெரியாமல் ஷிபாட்டா பூட்டினால் எலிப்டிக்கலைவிட மோசமாகக் கேட்கும். இன்னொன்று, பழைய பாரமான ஊசிகள் உழுத தட்டுகள். மெல்லிய ஊசி சுவரில் தேயாத இடத்தைத் தொட்டால் பாட்டு உயிர்த்துவிடும், தேய்ந்த இடத்திலேயே பட்டால் காயம் எல்லாம் கேட்கும். போட்டுப் பார்த்தால்தான் தெரியும். நன்றாகத் தேய்ந்த தட்டுக்கு நான் கூம்பையே போடுகிறேன், அது கொஞ்சம் மறைத்துக் கொடுக்கும்.

எந்த ஊசி என்றாலும் முதலில் தட்டைக் கழுவுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், காய்ந்தால் வெள்ளை உப்புப் படியும். பற்றரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீர் போதும். 78 இல் ஸ்பிரிட் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

இப்போது இந்த எல்பியின் கடைசிப் பாட்டைப் போடுகிறேன். முதலில் கூம்பு, பிறகு எலிப்டிக்கல். ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். அந்த "ஸ்" வருகிற இடத்தில் கையைக் காட்டுகிறேன்.