வெறிநாய்க்கடி: அணையை எங்கே போடுவது?

அவைத்தலைவர் அவர்களே, மேடையை அணிசெய்யும் கால்நடை மருத்துவப் பெருமக்களே, நகராட்சித் தலைவர் அவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்: நோய் பரவும் வழி, கடிபட்டவர் செய்ய வேண்டியது, நாய்களிடமே நோயைத் தடுப்பது. 'வெள்ளம் வருமுன் அணை போடு' என்பார்கள். இந்த நோய்க்கென்றே சொன்னது போலிருக்கிறது.

கிருமி எச்சிலில் இருக்கிறது. கடித்த புண், நக்கிய சிராய்ப்பு, கண், வாய் வழியாக உள்ளே போகும். பிறகு நரம்பைப் பற்றிக்கொண்டு மூளைக்கு ஏறும்; அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து அடுத்த கடிக்குத் தயாராகும். இதற்குப் பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதம் ஆகும். முகத்தில் கடித்தால் மூளை பக்கம், நாளும் குறைவு. தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது.

1885 ஜூலை 4. பிரான்ஸ் எல்லையோர அல்சாஸில் ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனை வெறிநாய் பல இடங்களில் குதறிவிட்டது. தாய் அவனைப் பாரிஸுக்கு, லூயி பாஸ்டரிடம் கொண்டுவந்தார். பாஸ்டர் மருத்துவர் அல்லர், வேதியியலாளர்! அவர் வெறிநோய் கண்ட முயலின் தண்டுவடத்தை உலர்த்திக் கிருமியை வலுவிழக்கச் செய்திருந்தார். ஜூலை 6 மாலை முதல் ஊசியை மருத்துவர் கிராஞ்செர் போட்டார். வலுவற்றதில் தொடங்கி, நாளுக்கு நாள் வீரியம் கூட்டி 13 ஊசி. கடைசி ஊசியில் இருந்தது வீரியம் குறையாத கிருமி! அந்தத் தாய் எப்படித் தூங்கியிருப்பார், நினைத்துப் பாருங்கள். பையன் பிழைத்தான். வெள்ளம் மூளையை எட்டுமுன் அணை எழும்பிவிட்டது, ஐயா!

கடிபட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்து, முழுதாக. புண்மேல் கைவைத்தியமாக எதையும் பூசாதீர்கள். அன்றே தடுப்பூசி. தோல் கிழிந்து ரத்தம் வந்தால் கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினும் வேண்டும். அதைப் புண்ணுக்குள்ளும் சுற்றிலும் செலுத்த வேண்டும். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை காவல் இதுதான். வலி போயிற்றென்று மீதி ஊசிகளை விடுகிறவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், விடாதீர்கள்.

ஆனால் இதெல்லாம் மடை உடைந்தபின் மண் கொட்டுவது. மனிதருக்கு வரும் நோயில் 99 விழுக்காடு நாயிடமிருந்து வருகிறது. 70 விழுக்காடு நாய்களுக்கு ஆண்டுதோறும் ஊசி போட்டால் நாய்களுக்குள் நோய் பரவும் சங்கிலி அறும். அணை போடவேண்டிய இடம் அதுதான். நாய்களைக் கொன்றால் ஊசி போட்டவையும் சேர்ந்து போகும். ஊசி காணாத புதியவை அந்த இடத்துக்கு வரும்.

இந்நோயைப் பரப்பும் வௌவால், நரி பற்றிப் பேச நேரமில்லை. அவைத்தலைவர் அவர்களே, குட்டிகளையும் சேர்த்து எல்லா நாய்களுக்கும் ஆண்டுக்கொருமுறை ஊசி என்ற தீர்மானத்தை இப்போதே வாசிக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.