பாரிமுனைக் கல்லும் ஹால் டிக்கெட் நம்பரும்

(பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. பேச்சின் போக்கை மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். கடைசி வரிசை வரைக்கும் கேட்கிறதா? சரி.

சம வாய்ப்பு பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதைப் பேச வடசென்னையை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. இங்கிருந்து பஸ் ஏறினால் பாரிமுனை. அங்கே டேர் ஹவுஸ் கட்டிடத்தின் ஓரமாக ஒரு பழைய கல் தூண் நிற்கிறது, 1773-ல் நட்டது. அப்போது கோட்டைக்குள் வெள்ளையர் நகரம். நம் ஆட்கள் இருந்த பக்கத்துக்குக் கறுப்பர் நகரம் என்றே பெயர். கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்தை இடித்து வெட்டவெளியாக்கிவிட்டு, இதற்கு மேல் யாரும் வீடு கட்டிக்கொண்டு வரக் கூடாது என்று எல்லைக் கற்கள் நட்டார்கள். ஆறு கற்களில் மிஞ்சியது இது ஒன்றுதான். 1906-ல்தான் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாற்றினார்கள். நிறத்தை வைத்து ஊரைப் பிரித்த கதையைத் தெரிந்துகொள்ள நாம் தென்னாப்பிரிக்கா வரை போக வேண்டாம்.

நம் பேட்டையின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் ஏற்றுமதி செய்த துணியை வெளுத்தவர்களைக் குடியமர்த்திய இடம் வண்ணாரப்பேட்டை. காலாடிப்பேட்டை, காலெட் என்ற கவர்னர் நெசவாளர்களுக்காக உண்டாக்கியது. அப்பன் செய்த தொழில் பிள்ளைக்கு, அந்தத் தொழிலுக்கு ஒரு தெரு. வாய்ப்பு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

என் தாத்தா பெரம்பூர் லோகோ பட்டறையில் கலாசி. மெயில் வண்டி டிரைவர் என்றால் சட்டைக்காரர்தான் என்று சொல்வார். ஆங்கிலோ இந்தியரை அப்படித்தான் சொல்வார்கள் அந்தக் காலத்தில். தாத்தா இன்ஜினைத் துடைக்கலாம், கரி அள்ளலாம். ஓட்டுகிற இடத்தில் உட்கார முடியாது. அதை அவர் கோபமாகக்கூடச் சொன்னதில்லை. மழை பெய்யும், வெயில் அடிக்கும் என்பதைப் போலச் சொல்வார். எனக்கு அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

இது தானாக மாறவில்லை. யாருக்கோ மனசு இளகியதாலும் மாறவில்லை. கணக்கு எழுத ஆரம்பித்ததால் மாறியது. 1921-ல் நீதிக்கட்சி ஆட்சி, அரசு வேலையில் எந்த வகுப்பார் எத்தனை பேர் என்று பார்க்கும் ஆணையைப் போட்டது. 1927-ல் அது தெளிவான பங்காக வந்தது. 12 இடம் என்றால் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறிஸ்தவர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. அந்த 1 எவ்வளவு குறைவு என்று இன்றைக்கு நமக்குத் தெரியும். ஆனால் அதற்கு முன் அதுவும் எழுத்தில் இல்லை. 1951-ல் உச்ச நீதிமன்றம், கல்லூரிச் சேர்க்கையில் இருந்த இதே மாதிரி ஏற்பாடு செல்லாது என்றது. தமிழ்நாடு கொதித்தது. அதே வருடம் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. இன்றைக்குக் கல்லூரி இட ஒதுக்கீடு நிற்பது அந்தத் திருத்தத்தின் மேல்தான்.

அந்த 12 இடத்தில் பெண்ணுக்கு என்று தனியாக ஒன்று உண்டா என்று தேடினால் கிடையாது.

பெண்கள் வேறு வழியில் வந்தார்கள், ஒருவர் ஒருவராக. மதராஸ் மருத்துவக் கல்லூரி 1875-லேயே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. முத்துலட்சுமி அம்மையார் 1912-ல் அங்கே படித்து முடித்தார். எனக்கு மிகவும் பிடித்தது லலிதா அம்மாவின் கதை. பதினெட்டு வயதில் கணவனை இழந்தவர், கையில் பெண் குழந்தை. கிண்டி பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் படித்து 1943-ல் பட்டம் வாங்கினார். பட்டச் சான்றிதழில் ‘அவன்’ என்றுதான் ஆங்கிலத்தில் அச்சடித்து வைத்திருந்தார்களாம். அதைப் பேனாவால் அடித்துவிட்டு ‘அவள்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அச்சடித்தவர் பொல்லாதவர் இல்லை. ஒரு பெண் வந்து நிற்பாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். பாதி தடை இப்படித்தான் இருக்கும். யாரும் ‘வராதே’ என்று சொல்ல மாட்டார்கள். நீ வருவாய் என்று யாரும் நினைத்தே இருக்க மாட்டார்கள்.

1964-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் குடிமை உரிமைச் சட்டம் வந்த வருடம். நிறம், மதம், பிறந்த நாடு பார்த்து வேலை மறுக்கக் கூடாது. அதில் ஆண், பெண் என்றும் பார்க்கக் கூடாது என்று சேர்க்கச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்தவர் வர்ஜீனியா எம்.பி. ஹோவர்ட் ஸ்மித். அந்தச் சட்டத்தையே எதிர்த்தவர் அவர்! ஆனாலும் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. எத்தனை லட்சம் பெண்களுக்கு அது வழிவிட்டது. அதே 1964-ல்தான் இங்கே பிராட்வே பக்கத்தில் பாரதி மகளிர் கல்லூரி வந்தது. நான் அங்கே படித்தவள். என் அம்மா பூ கட்டி விற்ற காசில் ஃபீஸ் கட்டினேன்.

பி.காம். முடித்தேன், டைப்ரைட்டிங் ஹையரும் பாஸ். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. பேர் வேண்டாம். மேனேஜர் நல்லபடியாகத்தான் பேசினார். மார்க் பார்த்தார், தலையாட்டினார். அப்புறம் விலாசத்துக்கு வந்தார். “வியாசர்பாடியா?” என்றார். வடசென்னையில் தலித் மக்களும் கூலி வேலைக்காரர்களும் நிறைய இருக்கிற பேட்டை அது. என் விண்ணப்பத்தை எடுத்து மேஜைமேல் குப்புற வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. கத்தவில்லை, திட்டவில்லை. காகிதம் திரும்பியது. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் எனக்கே புரிந்தது.

அடுத்த வருடம் குரூப் 4 எழுதினேன். விடைத்தாளில் என் பேர் இல்லை, தெரு இல்லை, ஒரு நம்பர்தான். பெண்களுக்கு 30 சதவீதம் என்று 1989-ல் வந்த ஒதுக்கீடும் சேர்ந்துகொண்டது. வேலை கிடைத்தது. ஓய்வு பெறும் வரை அந்த ஹால் டிக்கெட்டைப் பீரோவில் வைத்திருந்தேன். இப்போதும் இருக்கிறது.

இதையே வெளிநாட்டில் ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இரண்டு பொருளாதார அறிஞர்கள் பாஸ்டனிலும் சிகாகோவிலும் சுமார் 5,000 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி ஒரே மாதிரி, பெயர் மட்டும் வேறு. வெள்ளைக்காரப் பெயர் என்றால் 10 விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு. கறுப்பர் பெயர் என்றால் 15-க்கு ஒன்று. 2004-ல் வெளியிட்டார்கள், அந்த 1964 சட்டம் வந்து நாற்பது வருடம் கழித்து. நம் நாட்டிலும் சாதி தெரிகிற பெயர்களை வைத்து 2007-ல் இதே போல் செய்து பார்த்தார்கள். தலித் பெயருக்கு அழைப்பு குறைவு. என் விண்ணப்பம் குப்புற விழுந்தது என் ஒருத்தியின் விதி இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறுதியானது.

“இத்தனை வருடம் ஆச்சு, இனி ஒதுக்கீடு எதற்கு?” என்று படித்தவர்களே கேட்கிறார்கள். 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்றுவிட்டது. ஆனால் அந்தக் கேள்விக்கு 1965-லேயே அமெரிக்க அதிபர் ஜான்சன் பதில் சொல்லிவிட்டார். பல வருடம் சங்கிலியில் கிடந்தவனை அவிழ்த்துக் கொண்டுவந்து ஓட்டப் பந்தயக் கோட்டில் நிறுத்தி, எல்லாரோடும் ஓடு என்றால் அது நியாயம் ஆகாது என்றார். நானும் அதையே சொல்கிறேன்.

மாறவில்லையா என்றால், நிறையவே மாறியிருக்கிறது. 1688-ல் தொடங்கிய மாநகராட்சிக்கு 2022-ல் ஒரு தலித் பெண் மேயரானார், அதுவும் நம் வடசென்னைப் பெண், 28 வயதில். புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ டிரைவர் ஒருவரின் மகள் காசிமா 2024-ல் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021-ல் வந்ததைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். பஸ் காசுக்கு அண்ணனிடம் கை நீட்ட வேண்டியிருந்ததால் கிண்டி வேலையை விட்ட பெண்களை எனக்குத் தெரியும்.

எம்.சி. ரோடு ஜவுளிக்கடைக்குப் போனால் புடவையை மட்டும் பார்க்காமல், எடுத்துப் போடுகிற பெண்ணின் காலையும் பாருங்கள். இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறி மாறி நிற்பாள். கடையில் உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்று 2021-ல் சட்டம் போட வேண்டியிருந்தது. நாற்காலி இருக்கிறதா என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் வரும்.

சாக்கடைக் குழிக்குள் மனிதன் இறங்கக் கூடாது என்று 2013-ல் சட்டம் வந்தும் இறங்குகிறார்கள், சாகிறார்கள். எந்தத் தெருப் பையன்கள் என்று இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அந்த வேலைக்கு மட்டும் யாரும் விலாசம் பார்த்துக் காகிதத்தைக் குப்புற வைப்பதில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்குகிறது, மன்னிக்க வேண்டும்.

ஒன்று சொல்லிவிட்டு இறங்குகிறேன். சனிக்கிழமை மாலை 5 மணிக்கு இந்த ஹாலின் கீழ் அறையில் இரண்டு மேஜை போட்டிருக்கிறோம். குரூப் 4, ரயில்வே, பேங்க், எதற்கு விண்ணப்பம் போடுவதென்றாலும் வாருங்கள். சாதிச் சான்றிதழும் மார்க் ஷீட்டும் எடுத்து வாருங்கள். இல்லையென்றால் வாங்குவது எப்படி என்று நான் கூடவே வருகிறேன். பெண் பிள்ளையை அனுப்ப யோசிக்கிற அப்பாக்கள் வாசலில் பேர் எழுதிவிட்டுப் போங்கள். நானே வீட்டுக்கு வந்து பேசுகிறேன்.